ஒரு சாரிக்கு ஒரு சுற்று

மார்ச் 3
கால்பந்துப் பயிற்சி முடிந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கோச் வந்து கேப்டன் பட்டையை என் மடியில் போட்டார். தவறி விழுந்துவிட்டது என்று நினைத்து எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"உனக்குத்தான். நம்ம கேப்டனுக்கு முழங்கால் ஆபரேஷன். தகுதிப் போட்டி மூணுக்கும் நீதான் கேப்டன். டிஃபென்ஸ்ல நின்னு எல்லாரையும் பாத்துட்டே இருக்கியே, பாக்குறதைக் கொஞ்சம் வாயால சொன்னா போதும்."

வாயால். அதுதானே என்னிடம் இல்லாதது.

மார்ச் 4
அப்பாவிடம் போனில் சொன்னேன். உணவகத்தில் மேசைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டே பேசினார். "நாட்டு டீமுக்கே கேப்டனா? சூப்பர்வைசர் மாதிரியாம்மா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப யார்கிட்டயும் கோவப்படாதே. கீழ இருக்கறவங்க பாவம்."

இருபத்தாறு வருடமாகப் பரிமாறுகிறார். சாப்பிட வந்தவர் தண்ணீரைக் கொட்டினாலும் சாரி சொல்வது இவர்தான். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். சாரி விஷயத்தில் இன்னும் அவர் மகள்தான்.

மார்ச் 11
முதல் ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று, சமன். அவர்களுடைய ஒன்று என்னால்.

பந்தைச் சுத்தமாகத்தான் தட்டினேன். அந்தப் பெண் அதற்கப்புறம் தடுக்கி விழுந்தாள். என் கை தானாக உயர்ந்தது. "சாரி, சாரி" என்றேன். ஊதலாமா வேண்டாமா என்று நின்ற ரெஃப்ரி ஊதிவிட்டார். ஃபிரீ கிக். கோல்.

எங்கள் கோல்கீப்பரைப் பூட்டக்கா என்போம். ஓய்வறையில் கேட்டாள்: "ஏன் டிகிரி, செய்யாத தப்பை ஒத்துக்கறதுக்கு உங்க காலேஜ்ல தனிப் பேப்பர் இருந்துச்சா?"

நான் சாரி சொன்னேன்.

மார்ச் 12
கோச்சின் தீர்ப்பு: ஒரு சாரிக்கு மைதானத்தில் ஒரு சுற்று. சாப்பாட்டு அறை, பேருந்து, எங்கே சொன்னாலும். கண்காணிப்பு பூட்டக்கா.

இன்று பதினான்கு. ஒன்று, நான் இடித்துக்கொண்ட நாற்காலியிடம் சொன்னது. அதைக் கழிக்கச் சொல்லிப் பூட்டக்காவிடம் கெஞ்சினேன். "நாற்காலிக்கும் மனசு இருக்கும்னுதானே சொன்னே? ஓடு."

மார்ச் 15
ஒன்பது. கால் என்னுடையதாகவே இல்லை.

மார்ச் 18
இரண்டாவது ஆட்டம். ஜெயித்தோம், இரண்டுக்கு ஒன்று. அந்த ஒன்று? மறுபடியும் இந்தக் கை.

கோச் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "கடைசி மேட்ச்ல இன்னொரு தடவை கை தூக்கினா, அங்கயே பட்டையைக் கழட்டிப் பூட்டுகிட்ட குடுத்துட்டு வெளிய வந்து உக்காரு."

உட்கார்ந்தால் என்ன? இம்மாதத் தொடக்கத்தில் இதைக் கேட்டிருந்தால் நிம்மதி என்று எழுதியிருப்பேன். இப்போது — வேண்டும். இந்தப் பட்டை எனக்கு வேண்டும். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மார்ச் 22
நான்கு சுற்று. ஓடும்போது ஒருத்தியை முந்தினேன், அவளிடம் ஒரு சாரி. ஆக ஐந்து.

மார்ச் 25
கடைசி ஆட்டம். ஜெயித்தால்தான் உலகப் போட்டிக்குப் போக முடியும். எண்பத்தெட்டாவது நிமிடம், ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தோம். அவர்களின் வேகக்காரி பந்தோடு தனியாகக் கிளம்பினாள்.

எங்கள் ஆட்களுக்கெல்லாம் நாக்கு தள்ளிவிட்டது. எனக்கு மட்டும் மூச்சு இருந்தது. இரண்டு வாரத்துச் சாரிகள் எல்லாம் காலில் இருந்தன. பெனால்டி கட்டத்துக்குள் அவளைப் பிடித்தேன், சறுக்கினேன், பந்து கோட்டுக்கு வெளியே போனது. அவள் என்மேல் உருண்டாள்.

ரெஃப்ரி விசிலை வாயில் வைத்தபடி ஓடிவந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். அது கிளம்பிவிட்டது, எனக்கே தெரிந்தது. கிளம்பிய வலது கையை இடது கைப் பட்டைமேல் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"பந்தைத்தான் மேடம் தட்டினேன்."

யார் பேசியது? நானா?

ரெஃப்ரி விசிலை எடுத்துவிட்டு மூலையைக் காட்டினார். கார்னர் கிக். பின்னாலிருந்து பூட்டக்கா, "அடிப்பாவி, இவ்ளோ நாள் இந்தக் குரலை எங்கடி வெச்சிருந்தே" என்றாள்.

ஜெயித்துவிட்டோம்.

மார்ச் 26
பட்டை இனி எனக்கே என்றார் கோச். சுற்றுத் தண்டனையும் ரத்து.

மாலையில் அப்பா கூப்பிட்டார். உணவகத் தொலைக்காட்சியில் பார்த்தாராம். நடுவில் காபி கேட்டவரிடம், "இருங்க சார், என் பொண்ணு ஆடறா" என்றாராம். சாரி சொன்னீர்களா என்று கேட்டேன். மறந்துவிட்டாராம்.

"எல்லாம் சரிம்மா. கடைசியில விழுந்துச்சே அந்தப் பொண்ணு, அதுகிட்டயாவது ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னேன்பா. மேட்ச் முடிஞ்சப்புறம்."

போனை வைத்தேன். ஷூவை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய், யாரும் சொல்லாமலே ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தேன்.