எந்த அம்மாவைப் போல என்று தவம் கேட்டாள்

என் ஆசைத் தங்கச்சி நேசத்துக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு மாரி முடிந்துவிட்டது. இந்த முறை கிளிநொச்சியில் மழை பிந்தித்தான் வந்தது; வந்த வேகத்தில் வாய்க்கால் கரையையும் உடைத்துவிட்டது. உன் வெள்ளைப் பசு கன்று போட்டிருக்கிறது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் காலை மணி அடித்தால் கை தன்பாட்டில் குடையைத் தேடுகிறது.

இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லி மெல்ல விஷயத்துக்கு வரலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. உன் மகள் தவத்துக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள், நேசம். அன்றைக்கு நடந்த கதையிலிருந்து என் தலை தெளியவே இல்லை.

வந்தவர்கள் அடுத்த வாய்க்கால் பக்கத்து ஆட்கள். பையன் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு நிலத்தைப் பார்த்தான். நல்ல பிள்ளை போலத்தான் தெரிந்தது. அவனுடைய தாய்தான் கதைத்தாள். பெரிய குரல், பெரிய சிரிப்பு.

"பிள்ளை வடிவு, வேலை வெட்டியும் தெரியுமாம். ஒண்டு கேக்கிறன், குறை நினையாதேங்கோ. தாய்க்காரி கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தவவாம் எண்டு கேள்வி. வாயும் கூடவாம், நரம்பு வருத்தமும் இருந்ததாம். பிள்ளைக்கும் அப்பிடி ஏதும்…?"

நான் வாய் திறக்க முதல் உன் மனுசன் சின்னராசா முந்திக்கொண்டார். "சீச்சீ, அதுக்கு நீங்கள் பயப்பிடாதேங்கோ. பிள்ளை என்ர பக்கம். தாயின்ர குணம் ஒரு துளியும் இல்லை. இண்டு வரைக்கும் நான் அவளுக்குக் கை நீட்டினதில்லை. தேவைப்படேல்லை."

நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். மகளுக்கு ஒரு வாழ்வு அமைய வேண்டும் என்ற தவிப்பு அந்த முகத்தில் இருந்தது. அந்தத் தாயும் ஆறுதலாகத் தலையாட்டிவிட்டு இன்னொரு பயற்றம் பணியாரம் எடுத்தாள். குசினிக்குள் தவம் தேத்தண்ணி ஆற்றுகிற சத்தம் மட்டும் நின்றுவிட்டது.

அவர்கள் போன பிறகு தவம் என்னிடம் வந்தாள். அழவில்லை. கணக்கு விளங்காத பிள்ளை சிலேட்டோடு வந்து நிற்பதைப் போல நின்றாள். "பெரியம்மா, அம்மாவின்ர குணம் எண்டா என்ன குணம்? அது இருந்தா அடி விழும் எண்டெல்லோ அப்பா சொல்லுறார். எனக்கு அது இருக்கோ இல்லையோ எண்டு எப்பிடித் தெரியும்?"

வருடக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 'குணம்' என்ற இடத்தில் ஒரு சொல் எழுதி எழுதியே கை காய்த்தவள் நான். அமைதி. துடியாட்டம். பிடிவாதம். பெற்றோரும் அதை நம்பி வாங்கிக்கொண்டு போவார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் குளத்தடியில் எருமைகளைக் கூப்பிடுவதை ஒரு நாள் கேட்டேன். குளம் அதிர்ந்தது. அவனுக்கும் 'அமைதி' என்றுதான் எழுதியிருந்தேன். எது அவனுடைய குணம், வகுப்பில் இருந்ததா, குளத்தடியில் கேட்டதா? உன்னை நினைக்கும்போது அந்தப் பையன்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறான்.

வடமராட்சியில் கலியாணம் முடித்து உன் சீதன வீட்டில் நீ இருந்த காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு பக்கம் அம்மா வளவு, மறுபக்கம் சித்தி வளவு. நடுவேலியில் ஒரு பொட்டு இடைவெளி, அதால் நீ நாளுக்கு எத்தனையோ முறை புகுந்து வருவாய். சின்னராசா நம் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. அவர் கொஞ்சம் குரலை உயர்த்தினாலே அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "என்ன தம்பி, கதை பெலக்குது? தேத்தண்ணி போடட்டோ?" என்பா. அவ்வளவுதான், அவர் கிணற்றடிக்குப் போய்விடுவார். நீயோ அவரைக் கேலி செய்தே ஓய மாட்டாய். "இவருக்குக் கத்தரிக்காய்க் குழம்பு வைச்சுக் குடுத்தா என்ர பேரையே மறந்திடுவார் அக்கா" என்று அவருக்கு முன்னாலேயே சொல்லுவாய். அவரும் சிரிப்பார். சிரித்தவர்தானே அந்த மனுசன்?

பிறகு குடியேற்றத் திட்டத்தில் அவருக்கு வயற்காணி கிடைத்தது. சீதன வீட்டைப் பூட்டிவிட்டு லொறியில் ஏறினீர்கள். இங்கே காணி அரசாங்கம் ஆண்களின் பேரில் கொடுத்தது. வீட்டுக்கு வீடு கூப்பிடு தூரம், சில இடத்தில் அதுவும் இல்லை. அடுத்த வளவுக்காரர் வேறு ஊர் ஆட்கள். நான் இடமாற்றம் கேட்டு இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது, என் தங்கச்சி என்று வேறு ஒருத்தி படலையைத் திறந்தாள்.

தேத்தண்ணியோ கோப்பியோ என்று நான் கேட்டதற்கு நீ அவர் முகத்தைப் பார்த்தாய். அவருடைய சைக்கிள் மணி கேட்டால் கையில் இருப்பது விழும். கழுவிய மூக்குப்பேணியைத் திரும்பத் திரும்பக் கழுவினாய். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்தாய். கன்னத்தில் நீலம் பாரித்திருந்ததைக் கேட்டேன். "ஆடு முட்டினது" என்றாய். உங்கள் வளவில் அப்போது ஆடே இல்லை, நேசம்.

பிறகொரு நாள் உண்மையைச் சொன்னாய். சொல்லிவிட்டு, "என்ர வாய்தான் அக்கா. எனக்கு வாய் அடங்காது" என்று அவருக்காகவே வழக்காடினாய். ஊரும் அதைத்தான் சொன்னது. நானும் கண்ணால் கண்டிருக்கிறேன். வெள்ளாண்மை பொய்த்த வருடம், அவர் முற்றத்தில் குந்தியிருந்து நிலத்தைக் கீறிக்கொண்டிருந்தார். நீ போய் அவரைச் சீண்டினாய். "நட்டதும் வராது, விதைச்சதும் வராது, கை ராசி அப்பிடி" என்றாய். ஏன் போனாய்? தெரிந்துகொண்டே ஏன் போனாய்? மறுநாள் நான் கேட்டபோது நீ சொன்னது இன்றும் எனக்குள் கிடக்கிறது.

"அடிக்கப் போறார் எண்டு தெரிஞ்சா ஒரு வேலையும் ஓடாது அக்கா. உலையில அரிசி போட்டனோ இல்லையோ எண்டும் தெரியாது. அடிச்சு முடிஞ்சாத்தான் எனக்குச் சமைக்கேலும்."

இதை நான் எந்தக் குணம் என்று எழுதுவது? வாய்க்காரி என்றா, பயந்தவள் என்றா? அடி வருமுன் பயம், பயம் தாங்காமல் வாய், வாயைக் காரணம் காட்டி அடி. எதில் தொடங்கியது என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

உன்னை ஆசுபத்திரிக்குச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனவரும் அவர்தான். அம்மன் கோயில் பூசாரியாரிடம் நூல் கட்டக் கூட்டிப்போனவரும் அவர்தான். ஒரு முறை நானும் ஆசுபத்திரிக்கு வந்தேன். டொக்டர் உன்னைப் பார்த்து, "சின்ன வயசிலையே இப்பிடி நடுங்கிறனீங்களோ?" என்று கேட்டார். நீ பேசுமுன் சின்னராசா சொன்னார்: "ஓம் டொக்டர், இவவின்ர சுபாவமே இதுதான்." நான் பொறுக்காமல், "இல்லை டொக்டர், இவளுக்கு ஊரே பயந்தது" என்றேன். டொக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நரம்புக்கு ஒரு மருந்து எழுதினார். ஒரே பெண்ணைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதம் சொன்னால் பாவம் அவரும் என்ன செய்வார்?

அம்மா படுக்கையில் விழுந்தபோது நாம் இருவரும் கோச்சியில் போனோமே. ஆனையிறவு தாண்டும் வரை நீ சேலைத் தலைப்பைப் பிடித்தபடி இருந்தாய். பளை ஸ்டேசனில் கோச்சி நின்றது. இளநீர்க்காரன் யன்னலடிக்கு வந்தான். "உதென்ன இளநீரோ, குரும்பையோ? ஆரை ஏமாத்தப் பாக்கிறாய்?" என்று நீ கேட்டாய். நான் திரும்பிப் பார்த்தேன். அது என் பழைய தங்கச்சியின் குரல்.

அந்த வீட்டில் இருந்த மாதங்களில் நீ நடுங்கவில்லை. மருந்துப் போத்தலை மறந்தே போனாய். மீன்காரியோடு சண்டை பிடித்து, மறுநாள் அவளுக்கே பழஞ்சோறு கொடுத்தாய். அம்மா செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த சின்னராசா மௌனமாகக் கிணற்றில் தண்ணீர் அள்ளி ஊற்றினார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. குணம் உன்னிலும் இல்லை, அவரிலும் இல்லை, வளவில்தான் இருக்கிறது என்று நினைத்தேன். "இஞ்சையே இரு" என்று கெஞ்சினேன். நீ பெட்டியைக் கட்டினாய். "வயலில கதிர் வந்திருக்கும் அக்கா. அவர் தனிய என்ன செய்வார்?" அடுத்த கோச்சியில் அவரோடு போனாய். அது பயமா, பாசமா, வேறு ஏதுமா? இப்போதாவது சொல்ல மாட்டாயா?

அந்த விளக்கமும் எனக்கு நிலைக்கவில்லை. முல்லைத்தீவுக் கரையில் நான் படிப்பித்த காலத்தில் மரியம்மா என்று ஒருத்தி என் அறைக்கு அடுத்த வீட்டில் இருந்தாள். அவளுக்குச் சொந்த வீடு, சுற்றிவரச் சகோதரங்கள், கரை முழுக்கக் கேட்கிற குரல். அவளும் அடி வாங்கினாள். சகோதரங்கள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு, "அது புருசன் பெண்சாதிக் கதை" என்றார்கள். அவள் நடுங்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கதைப்பதை நிறுத்தினாள். அவளுக்கு என்ன குணம் என்று சொல்வது?

தவத்துக்கு இதையெல்லாம் சொன்னேன். பளை இளநீர்க்காரன் கதையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு நம்பாமல் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது மூக்குப்பேணி கழுவிய அம்மாவைத்தானே. "அப்ப நான் எந்த அம்மா மாதிரி, பெரியம்மா?" எனக்குத் தெரியவில்லை என்றேன். முப்பது வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள் சொல்லக்கூடிய மறுமொழியா அது?

தெரியாவிட்டாலும் செய்ய முடிந்ததைச் செய்தேன். பையனின் தாயைத் தேடிப் போனேன். என் வீட்டோடு ஒட்டிய மேட்டுக்காணித் துண்டைத் தவத்தின் பேரில் எழுதி வீடு கட்டித் தருகிறேன், மாப்பிள்ளை அங்கே வந்து இருக்கட்டும் என்றேன்.

"பொடியன் பெண் வீட்டில வந்து இருக்கிறதோ? ரீச்சர், ஊர்ப் பழக்கத்தை மூட்டை கட்டி இஞ்சையும் கொண்டு வந்திட்டியள்!" என்று சிரித்தாள். "நானும் பருத்தித்துறையில அப்பிடித்தான் இருந்தனான். ராசாத்தி மாதிரி. இஞ்ச வந்துதான்…" அவ்வளவில் நிறுத்திவிட்டாள். கைக் காப்பைச் சுற்றிக்கொண்டு வெளியே பார்த்தாள். பிறகு அந்தப் பெரிய குரல் இல்லாமல் சொன்னாள்: "சரி ரீச்சர். வயலுக்குச் சைக்கிளில போகட்டும். பிள்ளை உங்களுக்குப் பக்கத்தில இருக்கட்டும்."

இனித் தவம்தான் முடிவு சொல்ல வேண்டும். நேற்றுப் பின்னேரம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்க, பக்கத்தில் வந்து இருந்தாள். "வீடு, வளவு எல்லாம் சரி, பெரியம்மா. மரியம்மாவுக்கும் வீடு இருந்ததுதானே. நான் ஒண்டு கேக்கிறன். ஒரு நாள் நான் அடி வாங்கிக்கொண்டு உங்களிட்ட வந்தா, முதல் என்ன கேப்பியள்?"

இப்படி வருகிற பெண்ணிடம் இந்த ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நீ என்ன சொன்னனீ?" அந்தக் கேள்விக்குத்தான் அவள் காத்திருந்தாள். கீரைத் தண்டு கையில் இருக்க, எனக்கு வந்தது வேறு.

"சாப்பிட்டியோ எண்டு கேப்பன்."

"அதுக்குப் பிறகு?"

"இன்னும் கொஞ்சம் போடட்டோ எண்டு கேப்பன்."

அவள் என் மடியில் முகத்தை வைத்தாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாது. சிரிப்புக்கும் அழுகைக்கும் தோள் ஒரே மாதிரித்தான் குலுங்கும். எழும்பும்போது, "அப்ப ஓம் எண்டு அவையளுக்குச் சொல்லிவிடுங்கோ" என்றாள்.

நேசம், உன் குணம் என்ன என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்காமலே நானும் உன்னிடம் வந்துவிடுவேன் போலிருக்கிறது. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். தவத்தின் குணத்தை ஒரு சொல்லில் நான் எவருக்கும் எழுதிக் கொடுக்க மாட்டேன். என் காதுபட எவரையும் சொல்ல விடவும் மாட்டேன், அவளுடைய தகப்பன் ஆனாலும் சரி. அவள் எந்த முகத்தோடு வந்தாலும் சோறு போடுவேன். அவளாகச் சொல்லும் வரை காரணம் கேட்க மாட்டேன்.

உன்னோடு ஒரு பாயில் படுத்து வளர்ந்தவள்,
உன் பெரியக்கா