பாரில் மாட்டிய வலை

மச்சான்,

இன்று காலை மரக்காணம் மீன் மார்க்கெட்டில் ஒரு கலவா மீன்கூட இல்லை. கூடைகளில் விரல் நீளச் சங்கராக் குஞ்சுகள்தான் நசுங்கிக் கிடந்தன. அந்த வாடையில் உன் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்தும் போகவில்லை.

நாம் தூண்டில் போட்ட பார் கண்ணுக்குள் நிற்கிறது. கடலடியில் கிடக்கும் அந்தப் பாறைத் திட்டில் பவளம் விசிறி விசிறியாக விரிந்திருக்கும், அதன் இடுக்குகளில் கலவா ஒளிந்திருக்கும். முங்கிப் பார்த்துவிட்டு வந்து, "கீழ ஒரு ஊரே இருக்குது மச்சான்" என்பாய். சுனாமியில் படகை இழந்த உன் தம்பி, வேறு வழியில்லாமல் இழுவைப் படகில் வேலைக்குச் சேர்ந்தான். அடியைச் சுரண்டிக்கொண்டு போகும் அந்த வலைக்கு மணலும் ஒன்றுதான், பவளமும் ஒன்றுதான்.

மறு வருஷம், நிவாரணத்தில் கிடைத்த ஃபைபர் படகில் நாம் பாருக்குப் போனபோது உன் தம்பி வேலை செய்த இழுவைப் படகு அங்கே நின்றிருந்தது. வலை பாரில் மாட்டிக்கொண்டிருந்தது. என்ஜினை முறுக்கி முறுக்கி இழுத்தார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீர் கலங்கிக்கொண்டு வந்தது.

"நிறுத்துடா, நான் எறங்கி எடுத்துத் தர்றேன்" என்றாய்.

"ஓனர் இழுக்கச் சொல்லிட்டாருண்ணா" என்றான் உன் தம்பி.

கத்தியோடு நீ குதித்துவிட்டாய். மேலே வந்து மூச்சு வாங்கினாய், மறுபடி போனாய். நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்திருந்தேன். திடீரென்று இழுவைப் படகு எகிறி முன்னால் ஓடியது. வலையை நீ அறுத்துவிட்டிருந்தாய். நீ மூக்கில் ரத்தத்தோடு வந்தாய். உன் கையில் ஒடிந்த பவளக் கிளை ஒன்று இருந்தது.

"என் சோத்துல மண்ணப் போட்டுட்டியேண்ணா" என்றான் அவன். அவன் வேலை போயிற்று. பஞ்சாயத்தும் உன்மேல்தான் தப்பு என்றது. "பார் செத்தா எல்லாருக்கும் சோறு போச்சு" என்று மெதுவாகச் சொன்னாய். அவன் வேறொரு இழுவைப் படகில் ஏறிக்கொண்டான், உன்னோடு பேசுவதை விட்டுவிட்டான். அது உன்னை எவ்வளவு அரித்தது என்று எனக்குத் தெரியும்.

மாசியில் உனக்கு நெஞ்சு வலித்த அன்று, ஆஸ்பத்திரிக்குப் போன வேனில் உன் கால்களை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் அவன்தான். "அண்ணா, அண்ணா" என்று பேசிக்கொண்டே வந்தான். வழியில் பெரிய முதலியார்சாவடி வருவதற்குள் நீ போய்விட்டாய்.

இழுவைப் படகுகள் இன்னும் வருகின்றன, மச்சான். பார் பாதி மொட்டையாகிவிட்டது. சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. உன் தம்பியும் அந்த வேலையை விடவில்லை, பிள்ளைகள் இருக்கிறார்கள். அவன் படகு கடலுக்குப் போகாத நாட்களில் என்னோடு தூண்டிலுக்கு வருகிறான்.

நீ செய்தது போலவே நங்கூரத்தைப் பாரின்மேல் போடாமல் தள்ளி மணலில் போடுகிறேன். பிடிமானம் இல்லாமல் படகு நகர்ந்துவிடும். மறுபடி தூக்கி, மறுபடி போட வேண்டும். தோள் கழன்றுவிடுகிறது. ஏன் என்று அவன் கேட்பதில்லை. கயிற்றின் பாதியைத் தானும் பிடித்துக்கொள்கிறான்.