சைட்டில் மட்டும் சிரித்தவனுக்கு

பக்கத்து மனையில் வீடு எழும்புகிறது. நேற்று ஊற்றிய தூண்களுக்குச் சாக்கைச் சுற்றித் தண்ணீர் விடுகிறார்கள். நனைந்த சாக்கும் சிமெண்டும் கலந்த வாசனை ஜன்னல் வழியே வந்தது. கூடுவாஞ்சேரியில் இப்போது இந்த வாசனை இல்லாத தெருவே இல்லை. இருந்தும் இன்றுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் நம் கம்பெனிக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ரிசார்ட் வேலைகள். ஒன்றுக்கு நீ புராஜெக்ட் மேனேஜர், இன்னொன்றுக்கு நான். நீ இன்ஜினியரிங் படித்து வந்தவன். நான் கொத்தனாருக்குக் கையாளாகச் சேர்ந்து, வரைபடங்களைப் பார்த்துப் பார்த்து நானே கற்றவன். காலையில் கத்திக்கொண்டேதான் சைட்டுக்குள் நுழைவேன். டீ நேரத்தில் நீ எட்டிப்பார்த்து, என்னைக் காட்டி, "வுடுங்கப்பா, பெருசு இன்னும் நாஸ்தா துன்னல, அதான் காயுது" என்பாய். கொத்தனார்கள் சிரித்துவிடுவார்கள். இந்த வேலைக்கென்றே பிறந்தவன் நீ என்றார்கள். என்னிடம் ஒரு மேஸ்திரி, "புடிக்காத வேலைய இன்னாத்துக்கு சார் செய்றீங்க?" என்று கேட்டே விட்டான்.

எனக்கா பிடிக்கவில்லை? தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, சுவர் நேராக நின்றால், அன்றைக்கு எனக்குச் சோறு இரண்டு மடங்கு இறங்கும். கத்துவதும் அந்தச் சந்தோஷத்தில் சேர்த்திதான். இதை நான் யாருக்கும் விளக்கவில்லை. விளக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சாய்ந்து நின்ற ஒரு சுவரை இடிக்கச் சொன்னேன். திறப்பு விழா தள்ளிப்போகும் என்று ரிசார்ட் உரிமையாளர் குதித்தார். அவரிடமும் கத்தினேன். மறுநாள் என் சைட்டை உன்னிடம் கொடுத்தார்கள். நீ "சரி சார்" என்றாயாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வேலையை விட்டேன். உன்னோடு பேச்சையும் விட்டேன்.

பல மாதம் கழித்து வீட்டுக்கு வந்தாய். வண்டியில் ஏற்றிச் சதுரங்கப்பட்டினத்துக்கு அழைத்துப் போனாய். கடலைப் பார்த்து உட்கார்ந்தோம்.

"மச்சான், கோச்சுக்காத. மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்ல எனக்கு வராது."

"அதுக்கு என் சைட்ட எடுத்துக்குவியா?"

"இன்னா பெரிய சைட்டு! தெனம் சைட்டு கேட்டாண்ட வண்டிய நிறுத்திட்டு, உள்ள போலாமா, அப்படியே ஓடிடலாமான்னு நிக்கிறேன். ஓனரு, மேஸ்திரி, கம்பி விக்கிறவன், எல்லார்கிட்டயும் சிரிச்சு சிரிச்சு, வூட்டுக்குப் போனா வாயத் தொறக்கவே புடிக்கல. நீ கத்தித் தீத்துட்டு நிம்மதியாத் தூங்குற. குடுத்து வச்சவன்டா நீ."

"அப்போ வேலைய வுட்டுத் தொலை."

"அதையும் யார்கிட்டயாவது நேராச் சொல்லணுமே" என்று சிரித்தாய்.

நான் சிரிக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை. பேருந்து பிடித்துத் தனியாகத் திரும்பினேன்.

போன பங்குனியில் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோனது. செங்கல்பட்டில் உன் வீட்டு வாசல் பந்தலில் சைட் ஆட்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். வேலையை இவ்வளவு சந்தோஷமாகச் செய்தவனைப் பார்த்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள். உன் மனைவி என்னை அருகே அழைத்தாள்.

"அண்ணே, வூட்ல அவுரு பேசவே மாட்டாரு. சிரிப்பெல்லாம் சைட்டுக்குக் குடுத்துட்டு வர்றாருன்னு நெனச்சுக்குவேன். அங்கயாச்சும் சந்தோஷமா இருந்தாரா?"

பொய்யென்று தெரிந்ததை நான் வாயால் சொன்னவனில்லை. வேலை போகும் என்று தெரிந்தபோதும் சொல்லவில்லை.

"இருந்தான்மா" என்றேன். "ரொம்ப சந்தோஷமா இருந்தான்."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஆறுதலில் அழுதாளா, தனக்கென்று நீ எதையும் மிச்சம் வைக்கவில்லையே என்று அழுதாளா, தெரியவில்லை. அந்த அழுகையைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

என் சைட்டை எடுத்துக்கொண்ட கோபம் அப்படியே இருக்கிறது. அதைக் குறைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நான் அவளிடம் சொன்னது சரியா என்று கேட்க வேண்டுமானால், உன்னைத்தான் கேட்க வேண்டும். கேட்டால், "சரிதான் மச்சான்" என்பாய். யாரிடம்தான் நீ அப்படிச் சொல்லாமல் இருந்தாய்?