கருப்பட்டி கரையும் வரை

ஊருக்குப் போய்த் திரும்பிய உன் தங்கை இன்று ஓலைக்கொட்டான் ஒன்றை என் முன்னால் வைத்தாள். பிரிக்கும் முன்பே கருப்பட்டி வாசம் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு வாயில் எச்சில் ஊறும். எனக்கு நாக்கு தானாக அடங்கிப் போயிற்று.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். அவளைப் பற்றி வரும் இடத்திலும் கை நிற்கக் கூடாது என்று கேட்டிருக்கிறேன்.

தோல் பட்டறையில் ஒரே பலகைக்கு எதிரெதிரே உட்கார்ந்து பைக்குத் தோல் வெட்டிக் கிழவர்களானோம். பேசினது நான், தலையாட்டினது நீ. தாராவியில் எந்தச் சந்துக்கு யார் எப்போது வந்தார்கள், எந்த மழையில் யார் வீட்டுத் தகரம் பறந்தது என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். படிக்காதவனுக்கு ஞாபகம்தான் பேப்பர் என்று பெருமையடித்துக்கொள்வேன்.

வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டித் தரச் சர்வே எடுத்தார்களே, அவர்கள் நம் சந்துக்கு வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நீ என்னை டீக்கடைக்கு அழைத்தாய். நீயாக அழைத்தது அதுதான் முதல் தடவை. அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"நாளைக்கு ஒன்னயும் சாட்சி கேப்பாங்க மக்கா. நான் இந்த வீட்ட விட்டுட்டு ஆண்டாப் ஹில் பக்கம் போயி இருந்த அந்த ரெண்டு வருசம்..." என்று ஆரம்பித்தாய்.

நான் விட்டேனா? எனக்குத் தெரியாதாக்கும் என்று பிடுங்கிக்கொண்டு, எந்த டெம்போவில் சாமான் ஏற்றினாய், வழியில் எங்கே பாய் விழுந்தது என்று அடுக்கினேன். நீ இரண்டு தடவை வாயெடுத்தாய். டீ தீர்ந்ததும் எழுந்து போய்விட்டாய்.

மறுநாள் வந்த ஆள் கேட்டது ஒரே கேள்வி. இவர் இந்த வீட்டில் தொடர்ந்து இருந்தாரா? நான் பத்துப் பதில் சொன்னேன். ரெண்டு வருசம் ஆண்டாப் ஹில் போனார், வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார், ஒரு பொம்பளையும் ரெண்டு பிள்ளைகளும் இருந்தார்கள், பச்சைச் சேலை, எந்நேரமும் கதவைச் சாத்தியே வைத்திருப்பாள். அந்த ஆள் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். சுவரோரம் நின்ற உன் முகம் மாறியதைப் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை.

சில வாரத்தில் கடிதம் வந்தது. நீ குடியிருக்காத வீடு, மாற்று வீடு கிடையாது, மறுப்பு இருந்தால் விசாரணைக்கு வா. அன்றைக்குத்தான் என் வாசலில் உட்கார்ந்து சொன்னாய், அந்தப் பச்சைச் சேலைக்காரி உன் தங்கை என்று. புருஷன் அடி தாங்காமல் பிள்ளைகளோடு ரயிலேறி வந்தவள். பத்துக்குப் பத்து வீட்டில் எல்லோரும் அடங்க முடியாது. ஊர்க்காரர் யாருக்குத் தெரிந்தாலும் அவனுக்குச் சேதி போய்விடும். அவளை உள்ளே வைத்துவிட்டு நீ வெளியே போனாய்.

அந்தக் காலத்திலேயே, யாரப்பா, வாடகைக்கு விட்டிருக்கியா என்று நான் உன்னைக் கேட்டேனாம். நீ வாய் திறக்கும் முன்னால் வேறு கதைக்குத் தாவிவிட்டேனாம். எனக்கு அது நினைவே இல்லை. துழாவிப் பார்த்தேன் மக்கா. நான் பேசினதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ சொன்னது ஒன்றுகூட இல்லை.

"நீ பொய் சொல்லல. தெரியாதத தெரிஞ்ச மாரி சொல்லிட்ட," என்றாய். அதோடு சரி. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன்.

விசாரணைக்குப் போன அன்று உன் தங்கையும் தானாகக் கிளம்பி வந்தாள். நானோ சொல்ல வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். ஆபீஸ் படியில் என்னை நிறுத்தி, மடியிலிருந்து ஒரு கட்டிக் கருப்பட்டியை எடுத்து என் வாயில் போட்டாய்.

"இது கரையுற வரைக்கும் வாயத் தொறக்காத. கடிச்சிரவும் செய்யாத, ஒன்னய எனக்குத் தெரியும்."

உள்ளே நம் ஊர்க்காரர்கள் மூன்று பேர் தங்கள் முறைக்காக உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி உன் தங்கையைப் பார்த்து, நீ யார், அந்த வீட்டில் ஏன் இருந்தாய் என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். அவர் பேனாவைத் தட்டினார். அந்த மூன்று பேரும் திரும்பினார்கள். அவளுக்குப் பதிலாக நானே சொல்லிவிடலாம் என்று நாக்கு புரண்டது. நீ என் தொடையை அழுத்திப் பிடித்தாய். கருப்பட்டியை அண்ணத்தோடு ஒட்டிவைத்தேன். இன்னொரு தடவை கேட்டார். பிறகு பேப்பரை மூடி ஓரமாக வைக்கப் போனார். உன் வீடு போயிற்று என்றே நினைத்தேன். நீ அசையவில்லை.

அவள் நிமிர்ந்தாள். தமிழும் இந்தியும் கலந்து, ஊர்க்காரர் காதிலும் விழும்படி சொன்னாள்:

"நான் வாடகைக்கு இருந்தவ இல்ல. அடிச்சவனுக்குப் பயந்து எங்க அண்ணன் வீட்டுல ஒளிஞ்சிருந்தவ."

பிறகு பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த காகிதத்தை எடுத்து வைத்தாள். அதில் தாய்மாமன் என்று உன் பெயரும் வீட்டு நம்பரும் இருந்தன. இத்தனை நாளும் நீ காட்டாத காகிதம். வீடு போனாலும் அவள் கதை வெளியே வரக் கூடாது என்று இருந்திருக்கிறாய்.

உன் பெயர் பட்டியலில் ஏறியது. வீடு இன்னும் எழும்பவில்லை. அதற்குள் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இதுவரை சொன்னதையெல்லாம் அவள் தலை நிமிராமல் எழுதினாள். இப்போதுதான் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள்.

"அண்ணே, சர்வேக்காரர்கிட்ட வாடகைக்காரின்னு சொன்னீங்கள்லா, அன்னைக்கு அண்ணனப் பாக்க வந்த நானும் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். அதப் பத்தி ஒண்ணு சொல்லணும்," என்கிறாள்.

என் தொண்டைவரை பதில் வந்துவிட்டது. இந்த வரியோடு எழுதினது போதும், நீ சொல்லு அம்மா என்று சொல்லிவிட்டு, கொட்டானிலிருந்து பெரிய துண்டாகப் பார்த்து எடுக்கிறேன்.