குடோனுக்கு எதற்கடி நிலைவாசல்?

இன்று காலை நாம் கட்டிக்கொடுத்த குடோனில் வேப்பமர வாசனை அடித்தது. டீசலும் அட்டைப்பெட்டியும் மணக்கிற இடத்தில் அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. போய்ப் பார்த்தால், கிழக்குச் சுவரில் நீ வைத்த மரக்கதவின் வாசற்படியில் ஓர் ஆள் ரம்பத்தை வைத்து இழுத்துக்கொண்டிருந்தான். நிறுத்தச் சொன்னேன். ஏன் நிறுத்தச் சொன்னேன் என்று அவனுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

விஷயம் இதுதான். குடோனை வாடகைக்கு எடுத்திருக்கும் கம்பெனிக்கு லாரியில் சரக்கு ஏற்ற இன்னொரு ஷட்டர் வேண்டுமாம். மேற்கே வரிசையாக இருப்பவை போதவில்லை. கிழக்கே ஒன்று திறக்க வேண்டும், அதற்கு உன் கதவு இருக்கும் இடம்தான் வசதி என்கிறார் மேனேஜர். சுவரை எங்கே உடைக்கலாம் என்று குறித்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான்; அதற்குள் அவர் ஆளை இறக்கிவிட்டார். நீ ஆர்க்கிடெக்ட், நான் இன்ஜினியர். நீ வரைவாய், அது விழாமல் நான் பார்த்துக்கொள்வேன். ஆரணியில் பட்டுக்கடை மாடியில் நம் ஆபீஸ் போர்டில் இன்னும் இரண்டு பெயர்கள்தான் இருக்கின்றன.

அந்தக் கட்டடத்தில் காரணமில்லாமல் நீ எதையும் வைக்கவில்லை. லாரியின் தட்டு எந்த உயரமோ அந்த உயரத்துக்குத் தரை. ஃபோர்க்லிஃப்ட் திரும்ப எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு அகலத்தில் வழி. கரண்ட் போனாலும் பெட்டியில் ஒட்டிய சீட்டைப் படிக்கும்படி கூரையில் வெளிச்சத் தகடு. தூண்களைத் தள்ளித் தள்ளிப் போடச் சொல்லி என் உயிரை வாங்கினாய். அப்படிப்பட்டவள், ஏழெட்டுப் படி ஏறி, வாசற்படி தாண்டி நுழைகிற மாதிரி, வீட்டுக்கு வைப்பது போல ஒரு கதவை எதற்கு வைத்தாய்?

அப்போதே கேட்டேன். "ஷட்டர் மோட்டார் புட்டுக்கினா ஆளுங்க எப்டிடி உள்ள போவாங்க?" என்றாய். அவசரத்துக்கு ஆள் போக இரும்புக் கதவுகள் மூலைக்கு மூலை இருந்தன. அதைச் சொன்னதும், "சும்மா பேஜார் பண்ணாதடி, இருக்கட்டும்" என்று பேச்சை மாற்றிவிட்டாய். நிலை வைத்த அன்று நான் வேறு சைட்டில் இருந்தேன். மேஸ்திரி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டிப் பூசை போட்டாராம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நீ பக்கத்தில் நின்று இரண்டு கை நிறையச் சுண்டல் வாங்கித் தின்றாயாம். வாஸ்து என்று யாராவது ஆரம்பித்தாலே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறவள் நீ. கட்டடம் திறப்பதற்குள் நெஞ்சு வலி என்று வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனாய், உயிரோடு திரும்பி வரவில்லை. இதையெல்லாம் நான் யாரிடம் போய்க் கேட்பது?

மத்தியானம் மேஸ்திரிக்குப் போன் செய்தேன். ஓனர் வாஸ்து பார்த்துக் கேட்டார் என்று நீதான் சொன்னாயாம். சரி, முடிச்சு அவிழ்ந்தது என்று நினைத்து ஓனரைக் கூப்பிட்டேன். அவர் என்னைவிட அதிகமாகக் குழம்பிப் போனார்.

"நான் எங்கம்மா கேட்டேன்? அது உங்களுக்குன்னுதானே அவங்க சொன்னாங்க. இன்ஜினியரம்மா வாசப்படியத் தொட்டுக் கும்புடாம எந்தக் கட்டடத்துக்குள்ளயும் கால் வைக்க மாட்டாங்க, ஷட்டர்ல எங்க தொடுவாங்க, ஒரு நிலை வச்சுக்கறேன்னாங்க. வச்சுக்கோங்கன்னேன்."

செய்யாறு பக்கம் நாம் கட்டிய முதல் குடோன் நினைவிருக்கிறதா? பழக்க தோஷத்தில் குனிந்துவிட்டேன், தொடுவதற்கு வாசற்படி இல்லை. ஷட்டர் ஓடும் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்; இமை முழுக்க கிரீஸ். நீ சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய். "கிரீஸைக் கும்புட்ட மொத இன்ஜினியர் நீதான்டி" என்று உன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாய்.

அதற்காகவா? இல்லை, மேஸ்திரியிடம் ஓனர் பெயரைச் சொன்ன மாதிரி, ஓனரிடம் என் பெயரைச் சொல்லித் தப்பித்தாயா? எனக்காக என்றால் என்னிடம் ஏன் சொல்லவில்லை? இரண்டு விதமாகவும் யோசித்துப் பார்க்கிறேன், இரண்டும் உன்னைப் போலவேதான் இருக்கிறது. திறந்து இத்தனை நாளாயிற்று, நான் ஒருமுறைகூட அந்தக் கதவு வழியாக நுழைந்ததில்லை. பக்கத்துச் சரிவு வழியாகவே போய் வந்துகொண்டிருக்கிறேன். அதை நினைத்தால் உன் மேல் கோபம்தான் வருகிறது.

சாயங்காலம் மேனேஜர் எதிரே வரைபடத்தை விரித்தேன். புது ஷட்டரை அடுத்த இரண்டு தூண்களுக்கு நடுவே தள்ளிக் குறித்தேன். லாரி அங்கேயும் தாராளமாகத் திரும்பும். அவர் விடவில்லை, கதவு இருக்கும் இடத்தில் ஏன் கூடாது என்று கேட்டார்.

"அங்க சுவத்துக்குள்ள பீம் போவுது சார், கை வைக்க முடியாது" என்றேன்.

பாவம், நம்பிவிட்டார். அங்கே பீம் எதுவும் இல்லை, வெறும் சிமெண்ட் கல் சுவர்தான் என்பது உனக்குத் தெரியாதா? ஆளுக்கொரு காரணம் சொல்லும் உன் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. உண்மைக் காரணம் மட்டும் இன்னும் என்னிடம் வந்து சேரவில்லை.

அவர் போன பிறகு வெளியே சுற்றிக்கொண்டு போய்க் கிழக்குப் பக்கப் படியில் ஏறினேன். குனிந்து வாசற்படியைத் தொட்டேன். ரம்பம் பட்ட இடம் விரலில் நெருடியது. கண்ணில் ஒற்றிக்கொண்டதும் மரத்தூள் உள்ளே போய் ஒரே எரிச்சல். துடைத்துவிடத்தான் ஆள் இல்லை.