உள்ளறையில் சூடேறிய நெல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம், மனசுதான் கொஞ்ச நாளாக ஒரு நிலையில் இல்லை. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, அந்தத் தலைவலி இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் எழுந்தாலும் படுத்தாலும் என் வேண்டுதல். மற்றதெல்லாம் பிறகு, முதலில் ஒன்று கேட்கிறேன். தையல் ஆலையில் இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்லி ஒரு ஒப்பந்தத்தை நீட்டினார்களே, அதில் கையெழுத்துப் போட்டுவிட்டாயா? மாதக் கடைசிக்குள் போட வேண்டும் என்று சொன்னாய். இன்னும் போடவில்லை என்றால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இதை முழுசாகப் படி. அன்றைக்குப் போனில் நீ போடவா வேண்டாமா என்று கேட்டதும் அப்பா யோசிக்காமல் "போட்டுடும்மா" என்றாரே, அவர் எந்த நிலைமையில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னார் என்று உனக்குத் தெரியாது. இதையும் போனில் சொல்லலாம் என்றால் அங்கே உனக்குப் பின்னால் விடுதிப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள், இங்கே என் தோளுக்குப் பின்னால் உன் அப்பா நிற்கிறார், நீ அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுவோம். அதனால் எழுதி, விரைவுத் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன்.

பணம் வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். விதைப்புக்கு முன்னால் அந்த உதவி அமைப்புக்காரர்கள் வந்து நிலம் எவ்வளவு, கூரை ஒழுகுமா, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கடன் இல்லை, திருப்பித் தர வேண்டாம், என்ன செலவு செய்தாய் என்று கேட்கவும் மாட்டோம், ஆனால் வீட்டுப் பெண்கள் கணக்கில்தான் போடுவோம் என்றார்கள். அதைக் கேட்டதும் உன் அப்பா முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். கணக்கில் பணம் ஏறிவிட்டது என்று போனில் செய்தி வந்தபோது நான் புல் அறுத்துக்கொண்டிருந்தேன், எவனோ ஏமாற்றுக்காரன் என்று அழிக்கப் போய்விட்டேன். ஊரில் ஆளுக்கு ஒரு பேச்சு. குழாயடியில் ஒருத்தி "சும்மா எவன்டி குடுப்பான், நாளைக்கு வந்து கிட்னியைக் கேப்பான் பாரு" என்றாள். இருக்கிறது ரெண்டு, ஒன்றை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று நானும் சிரித்துவிட்டு வந்தேன், வந்து யாரும் பார்க்காதபோது இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அப்பா மட்டும் பாங்கிக்குப் போய் இதை யாருக்குத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தார், யாருக்கும் இல்லை என்று சொன்னதும் இன்னும் பயந்துபோனார்.

நான் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டேன், கூரை ஒழுகினால் ஒழுகட்டும், இந்த வருடம் தராசுக்காரரிடம் கை நீட்டக் கூடாது என்று. உனக்குத் தெரியாததா, விதைக்கும் உரத்துக்கும் அந்த மனிதர் முன்பணம் கொடுப்பார், அறுப்பன்றைக்குத் தராசோடு வயலுக்கே வந்துவிடுவார், அவர் தராசு, அவர் சொன்ன விலை. விலை ஏறுகிற காலத்தில் நம் நெல் அவர் கிடங்கில் கிடக்கும், நாம் விளைவித்ததை நாமே கடையில் காசு கொடுத்து அரிசியாக வாங்கித் தின்போம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நம் வயல் சோற்றை நான் ஒரு வாய் தின்றதில்லை. நீ நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஆலைக்குப் போனதும் அவர் பாக்கியை அடைக்கத்தானே. அதனால் வந்த பணத்தை விதை, உரம், அறுப்புக் கூலி என்று நிலத்திலேயே போட்டேன். தராசுக்காரர் வழக்கம்போல விதைப்பு நேரத்துக்கு வந்தார், வேண்டாம் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பாத்துக்கம்மா, ஆழம் தெரியாம காலை விடாதே" என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது புரியவில்லை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. உன் சித்தி வீட்டுக்குப் பணம் வரவில்லை. சிமெண்ட் தளமும் தகரக் கூரையுமாக அந்தக் கோழிக்கொட்டகை நிற்கிறதே, அதைப் பார்த்து வசதியானவர்கள் என்று விட்டுவிட்டார்கள். கோழி எல்லாம் நோயில் செத்து, கொட்டகை காலியாகக் கிடக்கிறது என்று யார் போய்ச் சொல்ல? நான் போய்ச் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் அவளே கேட்காமல் நான் முந்தினால் அதுவும் குத்தமாகும். அன்றையிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. வேலிக்கு இந்தப்பக்கம் நான் பெருக்கினால் அந்தப்பக்கம் அவள் உள்ளே போய்விடுவாள்.

அறுப்பு நன்றாக இருந்தது. ஆனால் கதிர் அடித்து முடிக்கும்போதே வானம் கறுத்துவிட்டது. உன் அப்பா சும்மாவே அவசரக்காரர், அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள், அது அவருக்கென்றே சொன்னது. எல்லாவற்றையும் மூட்டை கட்டி உள்ளறையில் உன் கட்டில் வரைக்கும் அடுக்கிவிட்டார். அடுக்கிவிட்டுக் கதவைச் சாத்துவதும் திறப்பதும், சாத்துவதும் திறப்பதும், மாப்பிள்ளையை உள்ளே உட்கார வைத்த மாதிரி அப்படியொரு பெருமை. எனக்கும்தான் பெருமை, பொய் சொல்ல மாட்டேன். நாங்கள் செய்த முட்டாள்தனத்தை வேறு எந்த விவசாயியும் செய்திருக்க மாட்டான். நெல்லைக் காய வைக்கவே இல்லை. இத்தனை வருடமாக ஈர நெல்லை அப்படியே வயலில் அளந்து கொடுத்துவிடுவோம், காய வைப்பது தராசுக்காரர் பாடு, அவருக்குத்தான் பெரிய தளம் இருக்கிறது. வீட்டில் நெல் வைத்துப் பழக்கமே இல்லாத வீட்டில் காய வைக்கிற யோசனை யாருக்கு வரும்? விளைவிக்கத் தெரிந்தது, வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில் உள்ளறைக்குள் போனால் புளித்த வாடை. எலி ஏதாவது செத்துவிட்டதோ என்று பார்த்துவிட்டு, எதற்கோ ஒரு மூட்டைக்குள் கையை விட்டேன். சுட்டது. சின்ன வயதில் உனக்குக் காய்ச்சல் வந்தால் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பேனே, அந்தச் சூடு. ஈர நெல் மூட்டைக்குள்ளேயே புழுங்கிக் கெட ஆரம்பித்துவிட்டது. அப்பாவைக் கூப்பிட்டேன், அவரும் கையை விட்டார், விட்ட கையை எடுக்காமல் அப்படியே நின்றார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டலையே என்று அவர் முணுமுணுத்தபோது எனக்கு வந்ததே ஆத்திரம், புலம்பலை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், மூட்டையைப் பிரியுங்கள் என்று கத்தினேன். எங்கே பிரிப்பது? தரை எல்லாம் ஓதம், கூரை ஒழுகுகிறது. அந்தச் சமயம் பார்த்துத் தராசுக்காரர் ஆள் அனுப்புகிறார், இப்போதே கொடுத்தால் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன், நாளைக்கு என்றால் மாட்டுத்தீவன விலைதான் என்று. அப்போதுதான் அந்தச் சிரிப்பு எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்று சொன்ன அன்றைக்கே நாங்கள் எங்கே சறுக்குவோம் என்று அவர் கணக்குப் போட்டுவிட்டார்.

கொடுத்துத் தொலைக்கலாம் என்றார் அப்பா. மாட்டேன் என்றேன் நான். பெண் புத்தி பின் புத்தி, உன் பேச்சைக் கேட்டுத்தான் இந்தக் கதி என்றார். அப்படியானால் முன் புத்திக்காரர் ஏன் காய வைக்கவில்லை என்று நானும் விடவில்லை. நாங்கள் இப்படி மல்லுக்கு நிற்கும்போதுதானம்மா உன் போன் வந்தது. நீ கேட்டாய், அவர் போட்டுடும்மா என்றார். அவருக்கு அப்போது கண்ணில் நெல் தெரியவில்லை, நீ தெரியவில்லை, திரும்பத் தராசுக்காரர் வாசலில் போய் நிற்பதுதான் தெரிந்தது. உன் சம்பளம் இல்லாமல் எழுந்திருக்க முடியாது என்று பயந்துபோய்ச் சொல்லிவிட்டார். நான் அவர் கையிலிருந்து போனைப் பிடுங்குவதற்குள் நீ சரிப்பா என்று சொல்லி வைத்துவிட்டாய். அந்த சரிப்பா இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

அப்புறம் நான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வேலியைத் தாண்டி உன் சித்தி வாசலில் போய் நின்றேன். என்ன சொல்லிக் கேட்பது என்று ஒன்றும் தோன்றவில்லை, கையில் இருந்த நெல்லை நீட்டினேன். அவள் தொட்டுப் பார்த்தாள், முகர்ந்தாள். "பணம் வந்தப்ப இந்த வேலி தெரியலையா அக்கா, இப்ப மட்டும் வழி தெரியுதா?" என்றாள். சுருக்கென்றுதான் இருந்தது. உனக்கும் வர வேண்டிய பணம்தான்டி, வரவில்லை, அதற்கு நான் என்ன செய்வேன், ஆனால் நீ பேசாமல் இருந்தது அந்தப் பணம் இல்லாததைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது என்றேன், சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவள் விறுக்கென்று உள்ளே போனாள். போச்சு என்று நானும் திரும்பப் போனேன். சாவியோடு வந்தாள். "நெல்லு என்ன பாவம் பண்ணுச்சு, கொண்டாங்க" என்றாள், அவ்வளவுதான், வேகமாகப் போய்க் கொட்டகையைக் கூட்ட ஆரம்பித்துவிட்டாள்.

தார்ப்பாயைப் போர்த்தி ஒவ்வொரு மூட்டையாக அப்பா முதுகில் சுமந்தார், இந்த வயதில், இந்த இடுப்போடு. தளம் முழுக்கப் பரப்பினோம், கோழிக்கு மாட்டிய பெரிய விசிறி இரண்டு ஓடியது, நானும் சித்தியும் காலால் துழாவித் துழாவிக் கொடுத்தோம். கால் விரல் இடுக்கெல்லாம் புண். கரண்ட் போகும்போதெல்லாம் உயிர் போய் வரும். ஒருவழியாக வெயில் வந்தது. அடி வரிசையில் கிடந்த ஏழெட்டு மூட்டை மஞ்சளடித்து முளையும் விட்டுவிட்டது, அது மாட்டுக்குத்தான். மற்றது பிழைத்தது. நேற்றுத் தராசுக்காரரே நேரில் வந்தார், ஒரு நெல்லை வாயில் போட்டுக் கடித்தார், நன்றாகக் காய்ந்திருந்ததால் படக்கென்று உடைந்தது. முகம் மாறாமல் இன்றைய சந்தை விலை தருகிறேன் என்றார். இப்போது விற்கிறதாக இல்லை என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார், அப்பா தரையைப் பார்த்தார், ஆனால் கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். விலை ஏறும் என்கிறார்கள், இறங்கினாலும் இறங்கும். அந்த உதவிப் பணம் இன்னொரு தவணை வரும் என்கிறார்கள், வந்தால்தான் நிச்சயம். வந்தால் அதில் கொட்டகை வாடகை என்று சித்திக்கு ஒரு பங்கு, வேண்டாம் என்று சண்டைக்கு வருவாள், வரட்டும். ஆனால் ஒன்று மட்டும் சொல்கிறேன், பழைய பாக்கி உன் சம்பளத்தில் தீர்ந்துவிட்டது, புதுசாக எதுவும் வாங்கவில்லை, இந்த வீடு இப்போது யாருக்கும் பாக்கி இல்லை. உனக்கு அந்த வேலை பிடித்திருந்து, அங்கேயே இருக்க ஆசை இருந்து நீ கையெழுத்துப் போட்டால் போடு, நான் குறுக்கே வர மாட்டேன். எங்களுக்காக என்று மட்டும் போடாதே. மூன்று வருடம் உன் கண்ணையும் முதுகையும் அந்த மிஷினுக்குக் கொடுத்துவிட்டாய், இன்னும் மூன்று வருடத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. விட்ட படிப்பில் திரும்பச் சேர்ப்பார்களா என்று விசாரித்துவிட்டேன், சேர்ப்பார்களாம்.

அப்பா அந்தப் போன் பற்றி அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. மூட்டையை எண்ணுவதும், எங்கேயோ எடுத்து வைப்பதுமாக இருக்கிறார், கேட்டால் உனக்கெதுக்கு என்கிறார். இதை ஒட்டாமல் அவரிடம் கொடுக்கப் போகிறேன், எழுத இஷ்டம் இருந்தால் எழுதட்டும். அவர் என்ன எழுதுவார் என்று எனக்கே தெரியாது, அவர் மறுபடியும் போடு என்று எழுதினாலும் நீ என் பேச்சைக் கேள். சத்து மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே, ஈரத் தலையோடு படுக்காதே. நோய் நொடி இல்லாமல், உன் மனசு போல உனக்கு எல்லாம் அமையட்டும். மாதக் கடைசியை மறந்துவிடாதே, அதற்குள் பதில் சொல்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

அம்மா எழுதியதைப் படித்தேன். எனக்கு இவ்வளவு எழுத வராது. நம்ம நெல்லில் ரெண்டு மூட்டையை விற்காமல் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அம்மா அதில் சோறாக்கலாமா என்று கேட்டாள், நீ வந்த பிறகுதான் என்று சொல்லிவிட்டேன். போட்டுவிடாதே.
அப்பா