கொடி ஏற்றிய பின்னும் ஓடிய படகு

அண்ணே,

இன்று காலை கொட்டகலையிலிருந்து தலவாக்கலைக்கு பஸ்ஸில் போனேன். நீர்த்தேக்கத்தில் ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் கறுத்துச் சிலிர்த்தது. "வலது பக்கம் காத்து வருது, அங்கிட்டுத் திரும்பு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் கைப்பையை இறுக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அந்தத் தண்ணீரில் படகும் இல்லை, நான் சொன்னதைக் கேட்க நீங்களும் இல்லை.

நமக்குப் பாய்மரப் படகுப் போட்டிப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் ஒருவருக்கும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லைதான். நீங்கள் கடலைப் பார்த்ததே இரண்டு தடவை; அதிலும் ஒரு தடவை பஸ்ஸுக்குள்ளிருந்து. முழங்கால் வலி உங்களை வீட்டோடு உட்கார வைத்த பிறகு, மழையால் கிரிக்கெட் நின்றுபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை டீவியில் அந்தப் படகுகள் வந்தன. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டீர்கள். டீவியில் சொல்வதைக் கேட்டு நான்தான் உங்களுக்கு விளக்கினேன்.

"ஏம்ப்பா, போற எடம் நேராத் தெரியுது. இவனுங்க ஏன் கோணல்மாணலா போறானுங்க?"

"எதிர்காத்துல நேராப் போக முடியாதுண்ணே. அங்கிட்டும் இங்கிட்டுமாத் திரும்பித் திரும்பித்தான் போகணும்."

"நம்ம மலைக்கு லொறி ஏறுற மாதிரின்னு சொல்லு."

அதற்குப் பிறகு ஒரு போட்டியையும் விடவில்லை. முன்னால் போகிறவன், பின்னால் வருபவனின் பாய்க்குப் போகவேண்டிய காற்றை மறித்துக்கொண்டே போவான். அவன் திரும்பினால் இவனும் திரும்புவான். அந்தத் தந்திரம் எனக்குப் பிடிக்கும். உங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவரல்லவா! "அடுத்தவன் காத்தத் திருடித்தானே முன்னுக்கு நிக்கிறான்?" என்று, தோட்டத்தை நிர்வகித்த துரையிடம் பேசிய அதே குரலில் டீவியோடு சண்டை போடுவீர்கள். எந்தப் பக்கம் காற்று கூடும் என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தேத்தண்ணியை ஆறவிடுவோம்.

கடைசியாகப் பார்த்த போட்டியில் வெள்ளைப் படகும் நீலப் படகும் மிதவையைச் சுற்றும்போது இடிக்கப் பார்த்தன. நீலப் படகின் பின்பக்கம் ஒரு சிவப்புக் கொடி ஏறியது. முழங்காலையும் மறந்து எழுந்து நின்றீர்கள்.

"ஸ்ட்ரைக்! கொடிய ஏத்திட்டானுங்க. இனி ஒருத்தனும் கயித்தத் தொட மாட்டான் பாரு!"

அவர்களோ முன்னைவிட வேகமாகக் கயிற்றை இழுத்தார்கள். படகு பறந்தது.

"கொடியையும் ஏத்திட்டு வேலையும் செய்றானா? கருங்காலிப் பய!"

சொன்னதும் நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள். ஸ்ட்ரைக் நடக்கும்போது வேலைக்குப் போகிறவனுக்கு நம் தோட்டத்தில் வேறு பெயர் கிடையாது. முப்பது வருடங்களுக்கு முன் பெக்டரி வாசலில், எல்லோர் முன்னாலும் நீங்கள் எனக்கு வைத்த பெயர் அது. நீங்கள் வெளியே நின்றீர்கள். நான் உள்ளே போய் இயந்திரத்தை ஓட்டினேன். பிறகு எப்படியோ பேசத் தொடங்கினோம், கலியாணம் காட்சிக்கு ஒன்றாகப் போனோம். அந்த நாளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் அவசரமாக விளக்கினேன். "அது ஸ்ட்ரைக் இல்லண்ணே. எனக்கு அநியாயம் நடந்திருக்குன்னு சொல்ற கொடி. ஓட்டத்த முடிச்சிட்டுத்தான் விசாரணைக்குப் போவாங்க."

ஓட்டம் முடிந்தது. எந்தப் படகு முதலில் வந்தது என்று நான் கவனிக்கவில்லை. என் பக்கம் திரும்பாமலே சொன்னீர்கள்: "அப்ப, வேலைய நிப்பாட்டாமலும் எதிர்ப்புக் காட்டலாம். அன்னைக்கு நீயும் மனசுக்குள்ள ஒரு கொடிய ஏத்திக்கிட்டுத்தான் உள்ள போயிருப்ப. நான்தான் பாக்கல, தம்பி."

நான் தலையாட்டினேன். அடுத்த வாரம் நீங்கள் இல்லை.

அண்ணே, அன்று என் மனதில் எந்தக் கொடியும் இல்லை. துரை வேலைப் பதிவிலிருந்து என் பெயரை வெட்டிவிடுவார் என்ற பயம்தான் இருந்தது. அதை அப்போதே ஏன் சொல்லவில்லை? நீங்கள் நிஜமாகவே அப்படி நம்பினீர்களா, இல்லை, என் பயம் தெரிந்தும் பெரிய மனதோடு அப்படிச் சொன்னீர்களா? ஒரு நாள் இப்படித் தோன்றுகிறது, மறுநாள் அப்படித் தோன்றுகிறது. நீங்கள் மன்னித்தது என்னையா, நான் என்று நீங்கள் நினைத்த வேறொருவனையா என்று தெரியவில்லை. தெரியாமலேயே அந்த மன்னிப்பை வைத்துக்கொண்டிருக்கிறேன். திருப்பித் தர மனம் வரவில்லை, அண்ணே.